ஒரு கண்ணில் ஹார்ட், இன்னொரு கண்ணில் சாஃப்ட்

இது எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த தடுமாற்றங்களையும், நடுவில் டீ குடித்த இடைவெளியையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.

போன எபிசோடுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில் ஒரே கேள்வி நாலைந்து தடவை வந்திருந்தது. "ப்ரோ, கான்டாக்ட் லென்ஸ் வாங்கப் போறேன். ஹார்ட் வாங்கலாமா, சாஃப்ட் வாங்கலாமா?" இதுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வினோதமான தகுதி இருக்கு. இப்போ இந்த மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கும்போது என் வலது கண்ணில் சாஃப்ட் லென்ஸ், இடது கண்ணில் ஹார்ட் லென்ஸ். ஆசைப்பட்டு இப்படிப் போட்டுக்கலை. கொல்லிமலையில் ஒரு சனிக்கிழமை நான் பண்ணின காரியத்தோட பலன் இது.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனா கண்ணுக்கு ஒண்ணு ஆனதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு புரியாம எனக்குத் தூக்கம் வரலை. அதனால நிறைய படிச்சேன், என் டாக்டர் மேடத்தை நிறைய தொந்தரவு பண்ணேன். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

சரி, அந்த சனிக்கிழமை. ரெண்டு வருஷம் முன்னாடி, ஆபீஸ் நண்பன் ஒருத்தனோட பெங்களூரிலிருந்து பைக்கில் கிளம்பினேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவு. எனக்கு ரெண்டு கண்ணிலும் மைனஸ் 5.5. ஹெல்மெட்டுக்குள்ள மூக்குக் கண்ணாடி போட்டு மலை ஏறினவங்களுக்குத் தெரியும், நாற்பதாவது வளைவுக்கு மேல பனி இறங்கினா உள்ள ஒரு ஆவி, வெளிய ஒரு ஆவி. அதனால லென்ஸ். மாசத்துக்கு ஒரு ஜோடி மாத்தற சாஃப்ட் லென்ஸ். ஆப்பில் பவரைத் தட்டி வாங்கினது. யாரும் என் கண்ணை அளந்து பார்க்கலை, நானும் அளக்கணும்னு நினைக்கலை.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்கு இறங்கற படிகள் ஆயிரத்துக்கு மேல. ஈரமா, செங்குத்தா இருக்கும். மைனஸ் 5.5-ஐ வச்சுக்கிட்டு லென்ஸ் இல்லாம அதில் இறங்கறது நிஜமாவே ஆபத்து. அதனால லென்ஸோடயே இறங்கி, லென்ஸோடயே அருவியில் நின்னேன். சுமார் 300 அடியிலிருந்து விழற தண்ணி. கண்ணைத் திறந்து மேலே பார்த்தேன். அந்த வயசில் எல்லாரும் பார்ப்பாங்க.

ராத்திரி செம்மேட்டில் ரூம். பையைத் துழாவினா லென்ஸ் டப்பா இருக்கு, சொல்யூஷன் பாட்டில் இல்லை. "மினரல் வாட்டர் சுத்தம்தானேடா"ன்னு நண்பன் சொன்னான். எனக்கும் நியாயமாத்தான் பட்டது. டப்பாவில் மினரல் வாட்டர் ஊத்தி லென்ஸைப் போட்டு, காலையில் எடுத்து மறுபடி மாட்டிக்கிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் இடது கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். செவ்வாய்க்கிழமை மெடிக்கல் ஷாப்பில் "சிவப்பு போக ஒரு டிராப்ஸ் குடுங்கண்ணா"ன்னு கேட்டு வாங்கிப் போட்டேன். புதன்கிழமை காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்தா கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. ட்யூப் லைட்டைப் பார்க்க முடியலை. அன்னைக்குத்தான் கண் டாக்டர்கிட்ட போனேன். மேடம் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி: "லென்ஸோட எங்கப்பா குளிச்சே?"

கருவிழிப் புண். மரத்துப் போக மருந்து விட்டு, புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாங்க. பாக்டீரியா. "அமீபாவா இருந்திருந்தா மாசக்கணக்கில் மருந்து போட்டுட்டு இருப்பே. நல்ல நேரம்"னாங்க. முதல் ரெண்டு நாள் ராத்திரியும் பகலும் மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. எங்க அம்மா ஊரிலிருந்து வந்து போனில் அலாரம் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

புண் ஆறிடுச்சு, தழும்பு நின்னுடுச்சு. மூணு மாசம் கழிச்சு எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் 6/24-ஐத் தாண்டலை. அதாவது நல்ல கண் 24 மீட்டரில் படிக்கிற எழுத்தை நான் 6 மீட்டர் கிட்டப் போய்ப் படிக்கணும். சாஃப்ட் லென்ஸிலும் அதே கதை. அப்புறம் மேடம் ஒரு குட்டி ஹார்ட் லென்ஸை வச்சுப் பார்த்தாங்க. கண் தண்ணியாக் கொட்டுச்சு, ஆனா சார்ட்டில் 6/9 வரி தெரிஞ்சது. அழுதது லென்ஸாலயா வேற எதாலயான்னு எனக்கு இன்னும் தெரியாது.

அந்த லென்ஸ் என்ன பண்ணுச்சுங்கறதுதான் இந்த எபிசோடோட மையம்.

கருவிழின்னு நாம சொல்ற இடத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, அதுதான் கார்னியா. நடுவில் அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம்தான் தடிமன். அதில் ரத்தக் குழாய் கிடையாது, இருந்தா அது தெளிவா இருக்காது. அதனால தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து, கண்ணீர் வழியா எடுத்துக்குது. அந்தப் படலத்து மேல எதை வச்சாலும் ரெண்டு கேள்வி வரும். ஒண்ணு, ஆக்ஸிஜன் போகுமா? ரெண்டு, மேற்பரப்போட வடிவம் என்ன ஆகும்?

வடிவத்தை முதலில் எடுத்துக்குவோம். சாஃப்ட் லென்ஸ் ஈரமான ஜெல். சுமார் 14 மில்லிமீட்டர் அகலம், கருவிழியைத் தாண்டி வெள்ளை விழி வரைக்கும் போர்த்திக்கும். அடியில் மேடு பள்ளம் இருந்தா அதுவும் அப்படியே வளைஞ்சுக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் போர்வையை விரிச்சா போர்வையும் குண்டும் குழியுமாத்தானே இருக்கும்? எங்க பாஷையில் சொன்னா, பழைய கோடைத் திருத்தாம மேலே ஒரு உறை போடறது. உள்ள இருக்கிற பக் வெளிய வந்தே தீரும்.

ஹார்ட் லென்ஸ் 9, 10 மில்லிமீட்டர்தான். கருவிழியை விடச் சின்னது. ஆனா வளையாது. அதுக்கும் கருவிழிக்கும் நடுவில் கண்ணீர் போய் நிரம்பிடும். பள்ளத்தில் அதிகமா நிரம்பும், மேட்டில் குறைவா நிரம்பும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை கண்ணீரும் கார்னியாவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஒளி விலகல் எண் 1.336-உம் 1.376-உம். அதனால கார்னியாவோட மேடு பள்ளத்தில் சுமார் 90 சதவீதம் வெளிச்சத்துக்குத் தெரியாமலே போயிடும். வெளிய தெரியறது லென்ஸோட வழவழப்பான முகம் மட்டும்தான். என் தழும்பு இன்னும் அங்கேயேதான் இருக்கு. கண்ணீர் அதை மூடி மட்டம் பண்ணிடுச்சு, அவ்வளவுதான்.

உங்க கண்ணாடிச் சீட்டில் "சிலிண்டர்"னு ஒரு எண் இருந்தா, உங்க கருவிழி கிரிக்கெட் பந்து மாதிரி ஒரே வளைவா இல்லாம, கோழி முட்டையோட பக்கவாட்டு மாதிரி ரெண்டு திசையில் ரெண்டு வளைவா இருக்குன்னு பெரும்பாலும் அர்த்தம். சின்ன சிலிண்டருக்குப் பிரச்சினை இல்லை. பெரிசா இருந்தா சாதாரண சாஃப்ட் லென்ஸ் பத்தாது, டோரிக்னு ஒரு வகை வேணும். அது கண்ணில் சுத்தாம நிக்கணும், அதுக்காக அடிப்பக்கம் கனமா பண்ணியிருப்பாங்க. அப்படியும் 10 டிகிரி திரும்பிடுச்சுன்னா சிலிண்டர் திருத்தத்தில் மூணில் ஒரு பங்கு காலி. கணக்குப் போட்டுப் பாருங்க, சைன் 10-ஐ ரெண்டால பெருக்கினா 0.35. பைக் ஓட்டும்போது திடீர்னு போர்டு மங்கலாகி, ரெண்டு தடவை இமைச்சதும் சரியாகுதுன்னா பெரும்பாலும் இந்தச் சுத்தல்தான். ஹார்ட் லென்ஸ் உருண்டையானது, எப்படிச் சுத்தினாலும் கவலையில்லை. ஆனா சிலிண்டர் கருவிழியில் இல்லாம உள்ளே இருக்கிற இயற்கை லென்ஸில் இருந்தா இந்த வித்தை பலிக்காது. அது எங்கே இருக்குன்னு டாக்டர் அளந்துதான் சொல்ல முடியும், ஆப் சொல்லாது.

அடுத்தது ஆக்ஸிஜன். இங்கே நம்ம ஊரில் ஒரு பழைய பயம் இருக்கு. "ஹார்ட் லென்ஸா? ஐயையோ, எங்க அத்தை போட்டுக் கஷ்டப்பட்டாங்க"ன்னு யாராவது சொல்லுவாங்க. அத்தை சொல்றது உண்மை. ஆனா அத்தை போட்டது வேற சாமான்.

சூரிக்கில் இருந்த அடால்ஃப் ஃபிக்னு ஒரு டாக்டர், 1888-இல், கண்ணாடியில் செஞ்ச லென்ஸை முதலில் முயல்களுக்கு, அப்புறம் தன் கண்ணுக்கு, அப்புறம் நோயாளிகளுக்கு வச்சுப் பார்த்தார். வெள்ளை விழி வரைக்கும் மூடற பெரிய கிண்ணம் அது, சில மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். 1948-இல் அமெரிக்காவில் கெவின் டூஹி கருவிழியை மட்டும் மூடற குட்டி பிளாஸ்டிக் லென்ஸ் கொண்டு வந்தார். பிளாஸ்டிக்னா பி.எம்.எம்.ஏ., கடைகளில் அக்ரிலிக் ஷீட்டுனு விக்கிற அதே குடும்பம். அதுக்குள்ள ஆக்ஸிஜன் போறது கிட்டத்தட்ட பூஜ்யம். இமைக்கும்போது ஓரமா உள்ளே போற கண்ணீர்தான் ஒரே வழி. அத்தை போட்டது இதுதான்.

சாஃப்ட் லென்ஸ் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால கொஞ்சம் நிக்கறேன். பிராகில் ஓட்டோ விக்டர்லேன்னு ஒரு வேதியியலாளர். அவரும் டிராஹோஸ்லாவ் லிம்மும் சேர்ந்து தண்ணியை உறிஞ்சி மெத்துன்னு ஆகற ஒரு பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிச்சிருந்தாங்க. அதை லென்ஸா வார்க்கிற முயற்சியை மேலிடம் ஆதரிக்கலை. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் வீட்டுச் சமையலறை மேஜையில், பையனோட மெர்க்கூர் பொம்மைச் செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வச்சு ஒரு சுழலும் மெஷின் கட்டினார். அதில் சுத்தி வந்ததுதான் முதல் உருப்படியான சாஃப்ட் லென்ஸ்கள். அமெரிக்காவில் அதுக்கு அனுமதி கிடைக்க 1971 ஆச்சு. நம்மகிட்ட லேப்டாப், கிளவுட் எல்லாம் இருக்கு, நாம வீக்எண்டில் என்ன பண்றோம்னு கேட்காதீங்க.

அப்புறம் ரெண்டு பக்கமும் சிலிக்கான் வந்தது. பிளாஸ்டிக்கோட சிலிக்கானைக் கலந்தா ஆக்ஸிஜன் உள்ளே போகும். ஹார்டில் கலந்தது ஆர்.ஜி.பி., அதாவது காற்றுப் புகும் கெட்டி லென்ஸ். இன்னைக்கு டாக்டர் "ஹார்ட்"னு சொன்னா இதைத்தான் சொல்றார். சாஃப்டில் கலந்தது சிலிக்கான் ஹைட்ரோஜெல், 1999 வாக்கில் கடைக்கு வந்தது. ஆக இப்போ ஆக்ஸிஜன் விஷயத்தில் நல்ல ஹார்டும் நல்ல சாஃப்டும் ரெண்டுமே பாஸ். ஆனா அடியில் இருக்கிற கண்ணீர் மாறற வேகம் வேற. ஒரு இமைப்புக்கு ஹார்டுக்கு அடியில் சுமார் பத்தில் ஒரு பங்கோ ரெண்டு பங்கோ புதுக் கண்ணீர் வரும். சாஃப்டில் நூறில் ஒண்ணு, ரெண்டு. அருவித் தண்ணியில் வந்த ஏதோ ஒண்ணு என் சாஃப்ட் லென்ஸுக்கு அடியில் போய் உட்கார்ந்தா, அதைக் கழுவி விட ஆளே இல்லை. போதாததுக்கு அந்த ஜெல் தண்ணியை ஸ்பாஞ்ச் மாதிரி வச்சுக்கும்.

அப்போ ஹார்ட்தான் பாதுகாப்புன்னு முடிச்சுடலாமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். 2008-இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஒரு பெரிய ஆய்வைப் படிச்சதும் மாறிட்டேன். லென்ஸ் போடற பத்தாயிரம் பேரில் வருஷத்துக்கு எத்தனை பேருக்குக் கருவிழித் தொற்று வருதுன்னு எண்ணியிருக்காங்க. பகலில் மட்டும் ஹார்ட் போடறவங்களுக்கு 1.2. பகலில் மட்டும் சாஃப்ட் போடறவங்களுக்கு 1.9. தினம் ஒண்ணு போட்டுத் தூக்கி எறியறதில் 2.0. இப்போ கேளுங்க: சாஃப்ட் லென்ஸோட தூங்கறவங்களுக்கு 19.5. பத்து மடங்கு! ஹார்டா சாஃப்டான்னு நாம போடற சண்டைக்கு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். கழட்டாம தூங்கறதுக்கு இருபது. தூங்கும்போது மூடின இமைக்குள்ள ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு, அதுக்கு மேல லென்ஸும் இருந்தா கருவிழி மூச்சு முட்டிப் பலவீனமாகும். நைட் பஸ்ஸில் சென்னை போறவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, லென்ஸைக் கழட்டிட்டுக் கேளுங்க.

சொல்யூஷனும் முக்கியம். 2005-06-இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்காவில் சாஃப்ட் லென்ஸ் போட்டவங்களுக்கு வரிசையா ஃபியூசேரியம்னு ஒரு பூஞ்சைத் தொற்று வந்தது. பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனியோட ரெனு மாய்ஸ்ச்சர்லாக் சொல்யூஷனோட அதுக்குத் தொடர்பு தெரிஞ்சு, 2006 மே மாசம் உலகம் முழுக்க அதைத் திரும்பப் பெற்றாங்க. டப்பாவில் பழைய சொல்யூஷனைக் கொட்டாம மேலேயே புதுசை ஊத்தற பழக்கமும் காரணங்களில் ஒண்ணுன்னு சொன்னாங்க. இதில் நம்ம ஊர் சம்பந்தம் என்னன்னா, ஃபியூசேரியம் நமக்கு அந்நியன் கிடையாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-இல் மூணே மாசத்தில் 434 பேர் கருவிழிப் புண்ணோட வந்ததைப் பதிவு பண்ணியிருக்காங்க. கிருமி வளர்ந்த புண்களில் கிட்டத்தட்டப் பாதி பூஞ்சை, அதில் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு. வயல் வேலையில் தாளோ தூசியோ கண்ணில் பட்டு வந்தவங்கதான் அதிகம். அதாவது நம்ம மண்ணிலும் காற்றிலும் அந்தப் பூஞ்சை ஏற்கெனவே இருக்கு. குளிர் நாட்டுக்காரன் எழுதின "லென்ஸ் டிப்ஸ்" நமக்கு அப்படியே பொருந்தாதுன்னு நான் நினைக்கிறதுக்கு இதுதான் காரணம்.

சரி, ஹார்ட் போட்டா எப்படி இருக்கும்? பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் இமைக்குள்ள புளியங்கொட்டைத் தோல் மாட்டின மாதிரி இருந்தது. உறுத்தறது கருவிழியில் இல்லை, இமையோட உட்பக்கம் லென்ஸ் ஓரத்தில் உரசறதுதான். கீழே பார்த்தா உறுத்தல் குறையும். அதனால முதல் வாரம் நான் ஆபீஸில் தலையைக் குனிஞ்சே நடந்தேன், ஏதோ அப்ரைசல் சரியில்லைன்னு மேனேஜர் நினைச்சுக்கிட்டார். முதல் நாள் ரெண்டு மூணு மணி நேரம், அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். மூணாவது வாரத்தில் ஒரு நாள் மதியம் சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது, லென்ஸ் போட்டிருக்கேன்னு. சாஃப்டில் அந்த நிலை முதல் நாளே வந்துடும். அதனாலதான் கடையில் ரெண்டையும் பத்து நிமிஷம் போட்டுப் பார்த்து முடிவெடுக்கிறவங்க எல்லாரும் சாஃப்ட் வாங்கறாங்க. பத்து நிமிஷத்தை வச்சு முடிவு பண்ணினா சாஃப்ட்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை.

ஹார்டுக்கு அளவெடுக்கறது தையல்காரர்கிட்ட அளவு கொடுக்கிற மாதிரி. கருவிழியோட வளைவை மில்லிமீட்டரில் நூறில் ஐந்து வித்தியாசம் வரைக்கும் பார்ப்பாங்க. அப்புறம் சோதனை லென்ஸை வச்சு, மஞ்சள் சாயம் ஒரு துளி விட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பாங்க. கண்ணீர் தேங்கற இடம் பச்சையா மின்னும், லென்ஸ் தொடற இடம் கருப்பாத் தெரியும். எனக்கு மூணு தடவை லென்ஸ் மாத்தினாங்க. பொறுமை வேணும்.

போன மாசம் மறுபடி கொல்லிமலை போனேன். அதே நண்பன், அதே 70 வளைவு. இந்தத் தடவை ஹார்டோட பலவீனம் தெரிஞ்சது. எத்தனாவது வளைவுன்னு ஞாபகம் இல்லை, முன்னாடி போன பஸ் கிளப்பின புழுதியில் ஒரு துகள் இடது லென்ஸுக்கு அடியில் போயிடுச்சு. சாஃப்ட் லென்ஸ் கருவிழியைத் தாண்டிப் போர்த்திக்கிறதால தூசி அவ்வளவு சுலபமா அடியில் போகாது. ஹார்டில் போகும், போனா ஊசி குத்தற மாதிரி இருக்கும். வண்டியை ஓரம் கட்டினேன். தேய்க்கக் கூடாது, அதுதான் முதல் விதி. தேய்ச்சா துகள் கருவிழியைக் கீறிடும். கையைக் கழுவிட்டு, குட்டி ரப்பர் உறிஞ்சியால லென்ஸை எடுத்து, சொல்யூஷனில் கழுவி, பத்து நிமிஷம் கண்ணை விட்டுட்டு மறுபடி போட்டேன். மிளகு மூட்டையோட நின்ன ஒரு பெரியவர், "என்ன தம்பி, பூச்சியா?"ன்னார். "ஆமாங்கய்யா"ன்னேன். வேற என்ன சொல்றது?

விசரை மூடி ஓட்டியிருந்தா இது வந்திருக்காது. தினமும் பைக்கில் கட்டட வேலை நடக்கிற ரோட்டில் போறவங்க, கபடி, ஃபுட்பால் ஆடறவங்க, கல்யாணத்துக்கு மட்டும் லென்ஸ் போடறவங்க, இவங்களுக்கு சாஃப்ட்தான் என் ஓட்டு. முடிஞ்சா தினம் ஒண்ணு போட்டு எறியற வகை. வருஷம் முழுக்கப் போட்டா 730 லென்ஸ், செலவு ஜாஸ்திதான். ஆனா டப்பா வேண்டாம், சொல்யூஷன் வேண்டாம், செம்மேட்டு ராத்திரி மாதிரி ஒரு சிக்கலே வராது. எப்பவாவது போடறவங்களுக்கு இதில் கணக்கு உதைக்காது. ஹார்டை எப்பவாவது போட முடியாது, நாலு நாள் விட்டா பழக்கம் போயிடும்.

பெரிய சிலிண்டர், தழும்பு, கருவிழி கூம்பு மாதிரி முன்னே தள்ளற கெரட்டோகோனஸ், இதெல்லாம் இருந்தா ஹார்டைத் தள்ளிப் போடாதீங்க. கெரட்டோகோனஸ் பெரும்பாலும் நம்ம வயசுக்காரங்களுக்கு, டீன் ஏஜிலும் இருபதுகளிலும் வர்றது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிலிண்டர் ஏறிட்டே போகுது, கண்ணைக் கசக்கற பழக்கமும் இருக்குன்னா, கடையை விட்டுட்டு ஆஸ்பத்திரியில் கருவிழியை மேப் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. அது ஏறாம நிறுத்த வேற சிகிச்சை இருக்கு, லென்ஸ் பார்வையை மட்டும்தான் திருத்தும். சாதாரண ஹார்ட் தாங்கலைன்னா கருவிழியைத் தொடாம வெள்ளை விழியில் உட்கார்ற ஸ்க்லீரல் லென்ஸ் இருக்கு. சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் மாதிரி இடங்களில் பொருத்தறாங்க. ஃபிக்கோட அந்தப் பழைய கிண்ணம், நல்ல பிளாஸ்டிக்கில் திரும்பி வந்திருக்குன்னு வச்சுக்கலாம்.

நாள் முழுக்க ஏ.சி.யில் ஸ்கிரீன் பார்க்கிறவங்களுக்கு? நாம ஸ்கிரீன் பார்க்கும்போது இமைக்கிறதே குறைஞ்சுடும். சாஃப்ட் காய்ஞ்சு ஒட்டற மாதிரி ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு என் வலது கண்தான் முதலில் புலம்பும். இடது கண் எழுத்தைக் கூர்மையாக் காட்டும். ஆனா ராத்திரி பைக் ஓட்டும்போது எதிர் லைட்டைச் சுத்தி இடது கண்ணில்தான் ஒரு வளையம் தெரியும். இருட்டில் கண்மணி விரியும், லென்ஸ் சின்னது, அதோட ஓரமும் பார்வைக்குள்ள வந்துடுது.

சின்னச் சின்ன விஷயங்கள் மிச்சம் இருக்கு. ரெண்டுக்கும் சொல்யூஷன் வேற வேற, மாத்தி ஊத்தக் கூடாது. நான் ரெண்டு பாட்டிலோட அலையறேன். பைப் தண்ணி, மினரல் வாட்டர், எச்சில், எதுவும் லென்ஸில் படக் கூடாது. ஹார்டுக்கும் இதேதான், பழைய ஆட்கள் பைப்பில் கழுவினாங்கன்னு நீங்களும் கழுவாதீங்க. மெட்ராஸ் ஐ வந்தா அன்னைக்கே லென்ஸை நிறுத்தணும். லேசிக் பண்ற ஐடியா இருந்தா, அளவெடுக்கறதுக்கு முன்னாடி சாஃப்டை ஒண்ணு ரெண்டு வாரம், ஹார்டை அதை விட அதிக நாள் நிறுத்தச் சொல்லுவாங்க. ஹார்ட் கருவிழியோட வடிவத்தைக் கொஞ்சம் அழுத்தி வச்சிருக்கும், அது பழைய நிலைக்குத் திரும்பணும். லென்ஸ் கண்ணுக்குப் பின்னாடி போய் மாட்டிக்குமான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. போகாது, வழியே இல்லை. இமை ஓரத்தில் ஒதுங்கும், அவ்வளவுதான்.

சிவப்பு, வலி, வெளிச்சம் கூசறது, மங்கல், இதில் ஒண்ணு வந்தாலும் லென்ஸைக் கழட்டிட்டு அன்னைக்கே டாக்டர். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கற சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தா சிவப்பு போயிடும், உள்ளே கிருமி நிம்மதியா வளரும். நான் அந்த செவ்வாய்க்கிழமை போட்டது என்ன மருந்துன்னு டாக்டர் கேட்டப்போ என்னால சொல்ல முடியலை. அட்டையைத் தூக்கிப் போட்டிருந்தேன்.

போன மாசம் ஆகாய கங்கைக்கும் இறங்கினோம். மேலேயே கையைக் கழுவிட்டு ரெண்டு லென்ஸையும் கழட்டி அதது டப்பாவில் போட்டு, கயிறு கட்டின மூக்குக் கண்ணாடியோட படியில் இறங்கினேன். அருவிகிட்ட போனதும் கண்ணாடியைக் கழட்டி நண்பன் கையில் கொடுத்தேன். இடது கண்ணில் ஒண்ணும் தெரியலை, வலதில் வெள்ளையா ஏதோ பெருசா விழுந்துட்டு இருந்தது. அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மச்சான், இங்க பாறை, இங்க வழுக்கும், இன்னும் ரெண்டு அடி"ன்னு கூட்டிட்டுப் போனான். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் நின்னேன். சத்தம் மட்டும் நல்லா கேட்டது.

அடுத்த எபிசோடில் கண்ணாடிச் சீட்டில் இருக்கிற எண்களை எப்படிப் படிக்கறதுன்னு பார்ப்போம். நைட் பஸ்காரங்க லென்ஸைக் கழட்டிட்டீங்களா?